தீராத வலியும் அறிதுயிலும்

மூன்று மாதங்களுக்கு மேல் நீடிக்கும் வலியையும், அதே காலத்துக்கு மேல் விட்டுவிட்டு வரும் வலியையும் நாட்பட்ட வலி என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. முதுகுவலி, மூட்டுவலி, ஒற்றைத் தலைவலி, நரம்புச் சேதத்தால் வரும் எரிச்சல், காரணம் தெரியாமல் உடலெங்கும் பரவும் தசைவலி, துண்டித்து எடுக்கப்பட்ட காலில் தொடர்ந்து உணரப்படும் வலி என அதன் வடிவங்கள் பல. இவற்றைக் குறைப்பதற்கு மருந்து, உடற்பயிற்சி, இயன்முறைச் சிகிச்சை ஆகியவற்றோடு சேர்த்துப் பயன்படும் வழிகளில் ஒன்று அறிதுயில். ஹிப்னாடிசம் என்ற பெயரில் பரவலாக அறியப்படுவதும் இதுதான். அது வலியைக் குறைப்பது எப்படி, யாருக்கு எவ்வளவு உதவுகிறது, எந்த இடத்தில் அதை நம்பக்கூடாது என்பவை இக்கட்டுரையின் பொருள்.

வலியின் இரு பக்கங்கள்

அடிபட்டவுடன் வரும் வலி உடலுக்குக் காவல். கொதிக்கும் பாத்திரத்தில் பட்ட விரலைச் சட்டென்று இழுக்கவைப்பதும், சுளுக்கிய காலை ஊன்றவிடாமல் தடுப்பதும் அதன் வேலை. புண் ஆறியதும் அந்த வலி விலகிவிடும். நாட்பட்ட வலியில் இந்த ஒழுங்கு குலைகிறது. புண் ஆறிய பிறகும் தண்டுவடமும் மூளையும் கூர்மைப்பட்ட நிலையிலேயே தங்கிவிடக்கூடும். லேசான தொடுதலும் வலியாகிறது; சிறிய வலி பெரிய வலியாகிறது. எக்ஸ்ரேயிலும் ஸ்கேனிலும் பெரிதாக எதுவும் தெரியாத நிலையில், வலியால் துடிப்பவரின் சொல்லை வீட்டாரே நம்பாமல் போவதும் நடக்கிறது.

உலக வலி ஆய்வுச் சங்கம் 1979இல் வகுத்து 2020இல் திருத்திய வரையறை இங்கே துணைசெய்கிறது. அதன்படி வலி என்பது திசுச் சேதத்தோடு தொடர்புடையதோ, அத்தகைய தொடர்புள்ளதை ஒத்ததோ ஆன, விரும்பத்தகாத ஓர் அனுபவம். அந்த அனுபவத்தில் புலன் உணர்வும் உண்டு, மன உணர்ச்சியும் உண்டு. தமிழ்ப் பேச்சு வழக்கில் இந்த இரண்டும் முன்பே ஒட்டிக்கிடக்கின்றன. குத்தல், கடுப்பு, எரிச்சல், விண்விண்ணென்று தெறித்தல் ஆகியவை வலியின் தன்மையைச் சொல்லும் சொற்கள். ஆனால் உளைச்சல், குடைச்சல் என்ற சொற்கள் காலுக்கும் பொருந்துகின்றன, மனத்துக்கும் பொருந்துகின்றன. 'எவ்வளவு வலிக்கிறது' என்ற கேள்விக்கும் 'அது எவ்வளவு வாட்டுகிறது' என்ற கேள்விக்கும் ஒரே நோயாளி வெவ்வேறு விடை தருவதுண்டு. அறிதுயில் எப்படி வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொள்ள இந்த வேறுபாடே திறவுகோல்.

காயத்தின் அளவும் வலியின் அளவும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்பதை இரண்டாம் உலகப் போர்க்களத்தில் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் 1946இல் பதிவு செய்தார். கடுமையாகக் காயம்பட்ட படைவீரர்களுள் பெரும்பாலோர் வலிமருந்து கேட்கவில்லை. களத்திலிருந்து உயிரோடு மீண்டோம் என்ற நிம்மதி அவர்களின் வலியை மாற்றியிருந்தது என்பது அவர் கருத்து. 1965இல் ரொனால்டு மெல்சாக், பேட்ரிக் வால் இருவரும் வெளியிட்ட 'வாயில் கட்டுப்பாட்டுக் கோட்பாடு' இதற்கு ஒரு நரம்பியல் விளக்கம் தந்தது. தண்டுவடத்தில் வலிச் சமிக்ஞைகளைக் கூட்டவும் குறைக்கவும் கூடிய வாயில் போன்ற அமைப்பு உண்டு. மூளையிலிருந்து கீழிறங்கும் கட்டளைகளும் அந்த வாயிலைத் திறக்கின்றன, அடைக்கின்றன என்றது அக்கோட்பாடு. அதன் நுணுக்கங்கள் பின்னர் திருத்தப்பட்டாலும், வலி மேல்நோக்கி மட்டும் செல்லும் செய்தி என்ற பழைய எண்ணம் அத்தோடு முடிந்தது.

அறிதுயில் என்பது எது

அமெரிக்க உளவியல் சங்கத்தின் அறிதுயில் பிரிவு 2014இல் ஏற்ற வரையறையின்படி, கவனம் ஒன்றின்மேல் குவிந்து, சுற்றுப்புறத்தைப் பற்றிய உணர்வு குறைந்து, கருத்தேற்றத்துக்கு இசையும் திறன் கூடியிருக்கும் நனவுநிலையே அறிதுயில். கருத்தேற்றம் என்பது, 'உங்கள் கை மரத்துப்போகிறது' என்பது போன்ற ஒரு கூற்றைக் கேட்பவர் அதை முயன்று செய்யாமல், தானாக நிகழ்வதாக உணர்வது.

பெயர்களில் ஒரு குழப்பம் உண்டு. ஹிப்னாடிசம் என்ற சொல் உறக்கத்துக்குரிய கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆனால் அந்நிலையில் இருப்பவர் உறங்குவதில்லை. பேச்சைக் கேட்கிறார், விடை சொல்கிறார், விரும்பினால் எழுந்து போகிறார். மனோவசியம் என்ற சொல் வேறு வகையில் தவறாக வழிகாட்டுகிறது. ஒருவர் மற்றவரைத் தன் ஆதிக்கத்துக்குள் கொண்டுவருகிறார் என்ற எண்ணத்தை அது விதைக்கிறது. மேடை வித்தைகளும், ஊசலாடும் கடிகாரத்தைக் காட்டும் திரைப்படங்களும் அந்த எண்ணத்தை வளர்த்துள்ளன. பாம்பணையில் பள்ளிகொண்ட திருமாலின் நிலைக்கு வைணவ மரபு வழங்கிய அறிதுயில் என்ற சொல், துயில்வது போலத் தோன்றினும் அறிவு விழித்திருக்கும் நிலையைக் குறிக்கிறது. நவீன உளவியல் சொல்லும் பொருளுக்கு இதுவே நெருக்கமானது.

ஹூக்ளியில் ஒரு மருத்துவமனை

நவீன அறிதுயிலின் முன்வரலாறு வியன்னா மருத்துவர் பிரான்ஸ் ஆன்டன் மெஸ்மரிடம் தொடங்குகிறது. உடலுக்குள் ஒரு காந்தப் பாய்மம் ஓடுவதாகவும், கைகளை நோயாளியின் மேல் வீசி அதைச் சீர்செய்யலாம் என்றும் அவர் நம்பினார். 1784இல் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி அமைத்த ஆய்வுக் குழு, பாய்மம் எதுவும் இல்லை, விளைவுகள் கற்பனையால் வருபவை என்று முடிவு கூறியது. பெஞ்சமின் பிராங்க்ளினும் வேதியியலர் லவாய்சியேயும் அக்குழுவில் இருந்தனர். கற்பனை எப்படி உடலை மாற்றுகிறது என்ற அடுத்த கேள்வியை அவர்கள் தொடரவில்லை.

வலியைக் குறைப்பதற்கு இம்முறை பெரிய அளவில் பயன்பட்டது இந்தியாவில்தான். வங்காளத்தின் ஹூக்ளியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்தவர் ஜேம்ஸ் எஸ்டெய்ல் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1845 ஏப்ரலில் விரைவீக்கத்தோடு வந்த ஒரு சிறைக்கைதிக்கு நீரை வடித்து மருந்தைச் செலுத்தியபோது அவர் வலியால் துடித்தார். மெஸ்மரின் முறையைப் பற்றிப் படித்திருந்தாலும் அதுவரை நேரில் கண்டிராத எஸ்டெய்ல், அதை அந்தக் கைதியிடம் சோதித்துப் பார்த்தார். கைதி ஆழ்ந்த மயக்கநிலைக்குச் சென்றார். அதன் பிறகு யானைக்கால் நோயால் வந்த பெரிய விரைப்பைக் கட்டிகளை அகற்றுவது உள்ளிட்ட அறுவைகளை இம்முறையில் செய்தார். இருட்டிய அறையில் நோயாளியைப் படுக்கவைத்து, மருத்துவமனையின் இந்திய உதவியாளர்கள் முகத்தருகிலிருந்து வயிறுவரை தொட்டும் தொடாமலும் மணிக்கணக்கில் கைவீசுவார்கள். பலருக்கு இது பல நாள் தொடரும். எஸ்டெய்ல் வந்து ஊசியால் குத்திப் பார்த்து, அசைவில்லை என்றால் கத்தியை எடுப்பார்.

1846இல் வங்காள அரசு ஒரு குழுவை அமைத்து அவருடைய முறையை ஆராய்ந்தது. சிலர் எவ்வளவு முயன்றும் மயங்கவில்லை. மயங்கியவர்களிலும் சிலருடைய உடல் அறுவையின்போது துடித்தது. மற்றவர்கள் அசையாமல் கிடந்தார்கள். குழுவின் பரிந்துரையால் அதே ஆண்டு நவம்பரில் கல்கத்தாவில் இதற்கென்றே ஒரு மருத்துவமனை திறக்கப்பட்டது. ஆனால் அதற்குச் சில வாரங்கள் முன்பு, அக்டோபர் 16 அன்று, பாஸ்டன் நகரில் வில்லியம் மார்ட்டன் ஈதர் கொடுத்து ஓர் அறுவை வலியின்றி நடக்க வழிசெய்து காட்டியிருந்தார். அடுத்த ஆண்டு குளோரோபாமும் வந்தது. சில நிமிடங்களில், ஏறத்தாழ எல்லோருக்கும் மயக்கம் தரும் மருந்துக்கு முன்னால், நாட்கணக்கில் கைவீசிச் சிலருக்கு மட்டும் பலிக்கும் முறை நிற்கவில்லை. அறுவை அரங்கில் ஈதர் வென்றது நியாயமே. ஆனால் அறுவை வலி ஓரிரு மணி நேரத்துக்குரியது. ஆண்டுக்கணக்கில் நீளும் வலிக்கு மயக்க மருந்து விடையாகாது; அங்கே அறிதுயிலுக்கு இன்னும் இடம் உண்டு.

எஸ்டெய்லுக்குச் சற்று முன்பே, மான்செஸ்டரில் பணியாற்றிய மருத்துவர் ஜேம்ஸ் பிரெய்டு, 1843இல் வெளியிட்ட நூலில் காந்தப் பாய்மக் கருத்தை ஒதுக்கினார். நோயாளியின் கவனம் குவிவதிலிருந்தே விளைவு பிறக்கிறது என்று காட்டி, ஹிப்னாடிசம் என்ற சொல்லைப் பரப்பியவர் அவரே. பிரிட்டிஷ் மருத்துவச் சங்கம் 1955இலும் அமெரிக்க மருத்துவச் சங்கம் 1958இலும் அறிதுயிலுக்கு மருத்துவத்தில் இடமுண்டு என்று ஏற்றன.

மூளையில் நிகழ்வது

நோயாளி மருத்துவரைத் திருப்திப்படுத்த 'வலி குறைந்தது' என்று சொல்கிறாரா, உண்மையிலேயே குறைகிறதா? இந்தச் சந்தேகத்துக்கு மூளைப் படப்பிடிப்பு ஓரளவு விடை தந்தது. கனடாவின் மாண்ட்ரியல் நகரில் பியர் ரேன்வில் குழுவினர் நடத்தி 1997இல் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படுவது. தன்னார்வலர்கள் 47 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருந்த நீரில் கையை வைத்தார்கள். அது வலிக்கும் சூடு. அறிதுயில் நிலையில் அவர்களுக்கு, ஒருமுறை அந்த வலி அவ்வளவு துன்பம் தராது என்றும், இன்னொருமுறை அது அதிகத் துன்பம் தரும் என்றும் கருத்தேற்றம் செய்யப்பட்டது. நீரின் சூடு மாறவில்லை. வலியின் கடுமை எவ்வளவு என்ற கேள்விக்கு விடை பெரிதாக மாறவில்லை. ஆனால் அது எவ்வளவு வாட்டியது என்பதற்குத் தந்த மதிப்பு கூடியது, குறைந்தது. அதற்கு இணையாக, முன் சிங்குலேட் புறணி என்ற மூளைப் பகுதியின் செயல்பாடும் கூடிக் குறைந்தது. உடலின் எந்த இடத்தில், எவ்வளவு என்ற தகவலைக் கையாளும் உணர்வுப் புறணியில் அத்தகைய மாற்றம் இல்லை.

அதே குழுவினர் 2001இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வில் கருத்தேற்றத்தின் சொற்களை மாற்றினார்கள். வலியின் துன்பத்தை விட்டுவிட்டு, அதன் கடுமையே கூடுகிறது, குறைகிறது என்று சொன்னபோது உணர்வுப் புறணியின் செயல்பாடு மாறியது. சொல்லப்படும் சொல்லுக்கு ஏற்ப மூளையில் மாறும் இடம் வேறுபடுகிறது என்ற இந்த முடிவு சிகிச்சைக்கு மிக முக்கியமானது. 'நிதானமாக இருங்கள்' என்று பொதுவாகச் சொல்வதோடு நின்றுவிட்டால் போதாது. எதை மாற்ற வேண்டுமோ அதைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும் என்பதற்கு இது சான்று.

அறிதுயில் வெற்று மருந்தின் விளைவு மட்டும்தானா என்பதும் ஆராயப்பட்டது. மருந்தே இல்லாத மாத்திரையை மருந்தென்று நம்பி விழுங்கும்போது குறையும் வலி, பெருமளவில் உடல் தானே சுரக்கும் அபின் போன்ற வேதிப்பொருட்களால் குறைகிறது. அவற்றைத் தடுக்கும் நலாக்ஸோன் என்ற மருந்து கொடுத்தால் அந்த நிவாரணம் குறைந்துவிடும் என்று 1978இல் காட்டப்பட்டது. ஆனால் அறிதுயிலால் வந்த நிவாரணத்தை நலாக்ஸோன் அழிக்கவில்லை என்று 1975இல் கோல்ட்ஸ்டைன், ஹில்கார்டு இருவரும் வெளியிட்ட ஆய்வும், நாட்பட்ட வலி நோயாளிகளிடம் டேவிட் ஸ்பீகல் நடத்தி 1983இல் வெளியிட்ட ஆய்வும் கண்டன. எதிர்பார்ப்புக்கு இரண்டிலும் பங்கு உண்டு. எனினும் இரண்டின் வழியும் ஒன்றல்ல என்றே இந்த முடிவுகள் சுட்டுகின்றன.

ஆளுக்கு ஆள் வேறுபாடு

எஸ்டெய்லிடம் சிலர் மயங்கியதும் சிலர் மயங்காததும் தற்செயல் இல்லை. கருத்தேற்றத்துக்கு இசையும் திறன் ஆளுக்கு ஆள் மாறுபடுகிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் எர்னஸ்ட் ஹில்கார்டும் ஆந்திரே வைட்சன்ஹோபரும் 1959இல் இதை அளக்கும் அளவுகோலை உருவாக்கினார்கள். அதில் 12 சோதனைகள். 'கை கனக்கிறது' என்று சொன்னால் நீட்டிய கை தானாகத் தாழ்கிறதா, 'ஈ சுற்றுகிறது' என்று சொன்னால் அதை விரட்டத் தோன்றுகிறதா என்பன போன்றவை அவை. மிக உயர்ந்த திறன் சிலருக்கே உண்டு. மிகக் குறைந்த திறனுள்ளவர்களும் சிலரே. பெரும்பாலோர் இடையில் இருக்கிறார்கள். மாணவப் பருவத்தில் சோதிக்கப்பட்ட 50 பேரை 25 ஆண்டுகளுக்குப் பின் மீண்டும் சோதித்தபோது மதிப்பெண்கள் பெருமளவு ஒத்துப்போயின. ஆகவே இது ஒருவரிடம் நிலைத்திருக்கும் இயல்பு. ஏமாளித்தனத்துக்கும் மனவலிமைக் குறைவுக்கும் இது அடையாளம் ஆகாது.

இத்திறன் வலி நிவாரணத்தை எவ்வளவு தீர்மானிக்கிறது? ஆய்வகத்தில் சூடு, குளிர் போன்றவற்றால் வலி உண்டாக்கி நடத்தப்பட்ட 85 ஆய்வுகளை, 3,632 பேரின் தரவுகளோடு, டிரெவர் தாம்சன் குழுவினர் 2019இல் தொகுத்து ஆராய்ந்தார்கள். வலியைக் குறைக்கும் நேரடிக் கருத்தேற்றத்தால் உயர்ந்த திறனுள்ளவர்களுக்கு 42 சதவீதமும், நடுத்தரத் திறனுள்ளவர்களுக்கு 29 சதவீதமும் வலி குறைந்தது. குறைந்த திறனுள்ளவர்கள் பெற்ற பயன் மிகச் சிறிது. நோயாளிகளிடம் நடக்கும் நீண்ட சிகிச்சையில் இந்தத் தொடர்பு இவ்வளவு இறுக்கமாக இல்லை. அங்கே பயிற்சி, நம்பிக்கை, மருத்துவரோடு உள்ள உறவு, தூக்கம், மனநிலை ஆகியவையும் சேர்ந்துகொள்கின்றன. ஆகவே அளவுகோலில் மதிப்பெண் குறைந்தவரையும் முயன்று பார்க்கவிடுவதே முறை.

சிகிச்சை நடைபெறும் விதம்

முதல் அமர்வில் பெரும்பாலும் பேச்சுதான். வலி எங்கே, எப்போது கூடுகிறது, எதனால் தணிகிறது, எந்த வேலையைத் தடுக்கிறது என்று சிகிச்சையாளர் கேட்டறிகிறார். பூஜ்யத்திலிருந்து 10 வரையிலான அளவில் வலிக்கு மதிப்புக் கொடுக்கச் சொல்கிறார். நோயாளி பயன்படுத்தும் சொற்களைக் குறித்துக்கொள்கிறார். பின்னால் கருத்தேற்றம் அந்தச் சொற்களிலிருந்தே அமையும். எரிகிறது என்பவருக்குக் குளிர்ச்சியும், இறுக்கிப் பிடிக்கிறது என்பவருக்கு முடிச்சு அவிழ்வதும், விண்விண்ணென்று தெறிக்கிறது என்பவருக்கு ஓசை அடங்குவதும் பொருந்தும். அறிதுயில் பற்றிய அச்சங்களும் அப்போதே பேசித் தீர்க்கப்படுகின்றன.

அறிதுயிலின் தொடக்கம் எளியது. நோயாளி வசதியாகச் சாய்ந்து அமர்கிறார். ஒரு புள்ளியைப் பார்த்தபடி மூச்சைக் கவனிக்கிறார். இமைகள் கனத்ததும் மூடிக்கொள்கிறார். தலையிலிருந்து கால்வரை ஒவ்வோர் உறுப்பாகத் தளர்த்தச் சொல்லப்படுகிறது. பிறகு, அவருக்கு இதமான ஓர் இடம் மனக்கண்ணில் விரிகிறது. ஆற்றங்கரை, கோயில் மண்டபம், பிறந்த வீட்டுத் திண்ணை என்று அவரே தேர்ந்துகொள்வார்.

அதன் பிறகே வலிக்கான கருத்தேற்றம். பரவலாகப் பயன்படும் முறை ஒன்றில், வலது கை ஐஸ் தண்ணீர் நிறைந்த வாளியில் மூழ்கியிருப்பதாகக் கற்பனை செய்யச் சொல்வார்கள். 'விரல் நுனிகள் முதலில் குளிர்கின்றன. குளிர்ச்சி உள்ளங்கைக்கு ஏறுகிறது. இப்போது கை மதமதவென்று இருக்கிறது. மெல்ல மரத்துப்போகிறது. அந்தக் கையை எடுத்து உங்கள் இடுப்பின்மேல் வையுங்கள். கையில் இருக்கும் மரமரப்பு இடுப்புக்குள் இறங்கட்டும்.' பல் பிடுங்கும்போது ஊசி போட்டு ஈறு மரத்ததை அனுபவித்தவருக்கு இந்த உணர்வு எளிதில் நினைவுக்கு வரும். வேறு சிலருக்கு, வலியின் அளவைக் குறைக்கும் ஒரு திருகு கையில் இருப்பதாகவும், அதை எட்டிலிருந்து ஏழுக்கும், ஏழிலிருந்து ஆறுக்கும் திருப்புவதாகவும் சொல்வது உதவுகிறது. இன்னும் சிலருக்கு வலி இருந்த இடத்திலேயே இருக்கும், ஆனால் சற்று விலகி நின்று பார்ப்பது போல ஆகும். ஒரே அமர்வில் இரண்டு மூன்று வகைகளைச் சொல்லிப் பார்த்து, எது பிடிக்கிறதோ அதை வளர்ப்பது வழக்கம்.

முடிவில் ஒரு சாவி தரப்படுகிறது. 'ஆழமாக மூச்சை இழுத்து, ஒரு கணம் நிறுத்தி, மெல்ல விடும்போதெல்லாம் இந்த நிம்மதி திரும்பும்' என்பது போன்ற கருத்தேற்றம் அது. பேருந்தில் நிற்கும்போதும் அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும்போதும் அந்த ஒரு மூச்சை நோயாளி தானே பயன்படுத்திக்கொள்ளலாம். அமர்வைக் கைப்பேசியில் பதிவு செய்து, வீட்டில் நாள்தோறும் கேட்டுப் பழகச் சொல்வார்கள். சில வாரங்களில் பதிவும் தேவையில்லாமல் போகும். நோயாளி தானே தன்னை அந்நிலைக்குக் கொண்டுசெல்லக் கற்கிறார். தன்னறிதுயில் என்று அதற்குப் பெயர். நாட்பட்ட வலிக்கான சிகிச்சையின் இலக்கு இதுதான்.

சான்றுகள் சொல்வது

வலி ஆய்வுகளில் 30 சதவீதமோ அதற்கு மேலோ வலி குறைந்தால் அது நோயாளியின் வாழ்வில் உணரத்தக்க மாற்றம் என்று பொதுவாகக் கொள்கிறார்கள். அந்த அளவுகோலை வைத்துப் பார்க்கலாம்.

நாட்பட்ட முதுகுவலியோடு வாழ்ந்த 100 முன்னாள் அமெரிக்கப் படைவீரர்களை நான்கு குழுக்களாகப் பிரித்து நடத்திய ஆய்வு 2015இல் வெளியானது. ஒரு குழுவுக்கு எட்டு அமர்வுகள். இரண்டாவதற்கு எட்டு அமர்வுகளோடு வீட்டில் கேட்க ஒலிப்பதிவு. மூன்றாவதற்கு இரண்டே அமர்வுகள், ஒலிப்பதிவு, வாரந்தோறும் ஒரு தொலைபேசி அழைப்பு. நான்காவது குழுவுக்கு அறிதுயிலுக்குப் பதில், உடலின் அளவீடுகளைக் கருவியில் பார்த்தபடி அவற்றைக் கட்டுப்படுத்தப் பழகும் உயிர்ப்பின்னூட்டப் பயிற்சி. நான்கு குழுக்களிலும் வலி குறைந்தது. அறிதுயில் குழுக்களில் கூடுதலாகக் குறைந்தது. அறிதுயில் பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோருக்கு வலி 30 சதவீதத்துக்குக் குறையாமல் தணிந்து, ஆறு மாதங்கள் வரை நிலைத்தது. இரண்டு அமர்வுகளோடு வீட்டுப் பயிற்சி செய்தவர்கள் எட்டு அமர்வுக்காரர்களுக்குப் பின்தங்கவில்லை.

தசை, எலும்பு, நரம்பு சார்ந்த நாட்பட்ட வலிகளைப் பற்றிய ஒன்பது சமவாய்ப்பு ஆய்வுகளை, மொத்தம் 530 பேரோடு, 2022இல் ஒரு தொகுப்பாய்வு சேர்த்துப் பார்த்தது. வலியின் கடுமையிலும், அன்றாட வேலைகளை வலி தடுப்பதிலும் நடுத்தர அளவு முன்னேற்றம் தெரிந்தது. எட்டு அமர்வுகளோ அதற்கு மேலோ பெற்றவர்களிடம் அது தெளிவாக இருந்தது. இரண்டு ஆய்வுகளையும் சேர்த்துப் படித்தால், அமர்வுகளின் எண்ணிக்கைக்குப் பின்னால் இருப்பது பழக்கம்தான் என்பது புலப்படும். மருத்துவரிடம் பழகினாலும் வீட்டில் பழகினாலும் பலன் பழகுபவருக்கே.

குடல் சார்ந்த வலியில் சான்றுகள் இன்னும் வலுவானவை. ஐ.பி.எஸ். எனப்படும் குடல் உபாதையில் வயிற்றுவலியும் உப்புசமும் ஆண்டுக்கணக்கில் தொடரும். குடலில் புண்ணோ கட்டியோ இருக்காது. மான்செஸ்டரில் பீட்டர் வொர்வெல் 1984இல் வெளியிட்ட ஆய்வில், மற்றச் சிகிச்சைகளுக்கு அடங்காத 30 நோயாளிகளுள் அறிதுயில் பெற்றவர்கள் மற்றவர்களைவிடப் பெரிதும் தேறினார்கள். வயிற்றின்மேல் கையை வைத்து, அதன் கதகதப்பு உள்ளே பரவிக் குடலை அமைதிப்படுத்துவதாக உணர்வது அந்தச் சிகிச்சையின் அடிப்படைப் பயிற்சி. அங்கே சிகிச்சை பெற்ற 204 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான அறிக்கை, 71 சதவீதத்தினர் தொடக்கத்தில் பயன் பெற்றதாகவும், அவர்களுள் 81 சதவீதத்தினருக்கு அது நீடித்ததாகவும் கூறியது. பிரிட்டனின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமான நைஸ், 12 மாத மருந்துச் சிகிச்சைக்குப் பிறகும் தேறாத ஐ.பி.எஸ். நோயாளிகளுக்கு அறிதுயிலைப் பரிந்துரைக்கலாம் என்று 2008இல் அறிவித்தது.

குழந்தைகள் இதை விரைவில் கற்றுக்கொள்கிறார்கள். கற்பனையில் மூழ்குவது அவர்களுக்கு இயல்பு. நெதர்லாந்தில் தீராத வயிற்றுவலியோடு இருந்த 53 சிறுவர் சிறுமியரிடம் நடத்தி 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஓராண்டுக்குப் பின் அறிதுயில் பெற்றவர்களுள் 85 சதவீதத்தினரும், வழக்கமான சிகிச்சை பெற்றவர்களுள் 25 சதவீதத்தினரும் குணமடைந்திருந்தனர். அமெரிக்காவில் ஒற்றைத் தலைவலியால் அவதிப்பட்ட 28 குழந்தைகளிடம் கேரன் ஓல்னஸ் நடத்தி 1987இல் வெளியிட்ட ஆய்வு வேறொரு நுணுக்கத்தைக் காட்டியது. மூன்று மாத காலத்தில் ஒரு குழந்தைக்கு வந்த தலைவலிகளின் சராசரி, வெற்று மாத்திரைக் காலத்தில் 13.3, புரோப்ரனலால் மருந்துக் காலத்தில் 14.9, தன்னறிதுயில் கற்ற பிறகு 5.8. ஆனால் வந்த தலைவலியின் கடுமை குறையவில்லை.

புற்றுநோய் வலியைக் குறைப்பதில் அறிதுயிலுக்கு வலுவான சான்று உண்டு என்று அமெரிக்கத் தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய வல்லுநர் குழு 1995இல் முடிவு தெரிவித்தது. தண்டுவடக் காயத்தாலும் நரம்பு நோய்களாலும் வரும் வலியில் பலன் ஆளுக்கு ஆள் பெரிதும் மாறுகிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் மார்க் ஜென்சன் இத்தகைய நோயாளிகளோடு நீண்ட காலம் பணியாற்றியவர். சராசரி வலியளவு பெரிதாகக் குறையாத நோயாளிகளும் தன்னறிதுயிலைக் கைவிடாமல் தொடர்வதை அவருடைய ஆய்வுகள் பதிவு செய்தன. சில மணி நேரத் தணிவும், நல்ல தூக்கமும், வலி தன் கைக்கு முற்றிலும் அப்பாற்பட்டதில்லை என்ற உணர்வும் அவர்களுக்குப் போதுமான காரணங்களாக இருந்தன.

எல்லைகளும் எச்சரிக்கைகளும்

இந்த எண்களைப் படிக்கும்போது சில குறைகளை மனத்தில் கொள்ள வேண்டும். பெரும்பாலான ஆய்வுகள் சிறியவை. மாத்திரையில் மருந்து இருக்கிறதா என்பதை நோயாளியிடமிருந்து மறைக்கலாம். அறிதுயிலை அப்படி மறைக்க இயலாது. ஆகவே எதிர்பார்ப்பின் பங்கை முழுவதும் பிரித்தெடுப்பது கடினம். தியானம், அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை போன்ற நல்ல முறைகளோடு ஒப்பிடும்போது அறிதுயிலின் மேன்மை சிறிதாகவே இருக்கிறது, சில ஆய்வுகளில் இல்லாமலும் போகிறது. மூட்டுத் தேய்மானத்தை அது சரிசெய்யாது, அழுத்தப்பட்ட நரம்பை விடுவிக்காது, கட்டியைக் கரைக்காது.

மிகப் பெரிய ஆபத்து, நோய் என்னவென்று அறியாமலே வலியை அடக்குவது. புதிதாக வந்த மார்புவலி, காய்ச்சலோடும் எடைக் குறைவோடும் வரும் முதுகுவலி, கை கால் பலமிழப்போடு வரும் வலி, திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி ஆகியவற்றுக்கு முதலில் தேவை பரிசோதனை. அறிதுயில் அதற்குப் பின்னால்தான். மனச்சிதைவு போன்ற கடுமையான மனநோய் உள்ளவர்களிடம் இதைப் பயன்படுத்துவது பொருத்தமற்றது. செய்தே ஆக வேண்டுமானால் மனநல மருத்துவரின் மேற்பார்வை வேண்டும். வலியின் மூலத்தைத் தேடுகிறோம் என்று பழைய நினைவுகளைத் தோண்டுவதும் தவறு. அறிதுயிலில் 'நினைவுக்கு வருபவை' நடந்தவையாகவே இருக்க வேண்டியதில்லை; நடக்காததை நடந்ததாக உறுதியாக நம்பவைக்கும் அபாயம் அதில் உண்டு. எழுதிக் கொடுத்த மருந்தைத் தானாக நிறுத்துவதும் கூடாது. குறைப்பதானால் மருத்துவரோடு பேசிப் படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

சிகிச்சையாளரைத் தேர்ந்தெடுக்க ஓர் எளிய அளவுகோல் உண்டு. அறிதுயில் கற்றிருப்பது மட்டும் போதாது. அந்த நோயை அறிதுயில் இல்லாமலே கையாளத் தகுதி பெற்ற மருத்துவராகவோ மருத்துவ உளவியலராகவோ பல் மருத்துவராகவோ அவர் இருக்க வேண்டும். ஒரே அமர்வில் முழுக் குணம் என்று உறுதி கூறுபவரையும், பரிசோதனை வேண்டாம் என்பவரையும், தன் சக்தியைப் பற்றிப் பேசுபவரையும் தவிர்ப்பது நல்லது.

நோயாளிகளுக்கு இருக்கும் ஒரு தயக்கத்துக்கும் விடை சொல்லியாக வேண்டும். சொல்லால் குறைந்த வலி பொய் வலியாகத்தான் இருக்கும், தன்னை நடிப்பவர் என்று மற்றவர்கள் நினைத்துவிடுவார்கள் என்ற அச்சம் அது. 47 டிகிரி நீரில் கைவைத்த தன்னார்வலர்களின் வலியும் உண்மை, அது தந்த துன்பம் குறைந்ததும் உண்மை. எல்லா வலியும் மூளையில்தான் வலியாகிறது. மூளையைப் பழக்கிக் குறைக்க முடிகிறது என்பதால் எந்த வலியும் கற்பனையாகிவிடாது. பரிசோதனைகள் முடிந்து, மருந்தும் பயிற்சியும் தொடர்ந்தும் வலி தீராதவர் தம் மருத்துவரிடம் அறிதுயிலைப் பற்றிக் கேட்கலாம். எட்டு வார அமர்வு, நாளுக்கு ஒருமுறை வீட்டில் பழக்கம், வாரம் ஒருமுறை வலியின் மதிப்பைக் குறித்துவைத்தல் ஆகிய மூன்றும் போதும், பலன் உண்டா இல்லையா என்பது அந்த நோயாளிக்கே தெரிந்துவிடும்.